நண்டு டாக்டருக்கு ஃபெரி தாதா கொடுத்த சர்டிபிகேட்

இந்தப் பூமியில் பிஎச்டிக்கு விண்ணப்பித்தவர்களிலேயே, கூட இருந்தவனின் ரத்த அழுத்தத்தை அதிகம் ஏற்றியவன் நண்டு டாக்டர்தான். பட்டத்துக்கு இன்னும் வழியே பிறக்கவில்லை; பெயர் மட்டும் அந்தமான் போர்ட் பிளேரில் நாங்கள் இருந்த டெய்ரி ஃபார்ம் பகுதி முழுக்கப் பரவிவிட்டது. பால்காரர்கூட "டாக்டர் சாப்" என்றுதான் கூப்பிடுவார்.

நானும் அவனும் ஒரே அறை. எனக்குக் கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை. அவன் எம்எஸ்சி முடித்துவிட்டு, சனிக்கிழமையானால் பஸ் ஏறி பாராடாங் தீவுக்குப் போய், அலையாத்திக் காட்டுச் சேற்றில் இறங்கி நண்டு வளைகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

"முதலை இருக்குன்னு போர்டு வெச்சிருக்கான்டா!"

"முதலை என்ன, நண்டு எண்ணவா வருது? எனக்கும் அதுக்கும் என்னடா போட்டி?"

நாட்டிலுள்ள பேராசிரியர்களுக்கெல்லாம் மெயில் போடுவான். 'ஐயா, தங்கள் கட்டுரையில் இரண்டாவது படம் தப்பு. தங்களிடம் ஆராய்ச்சி செய்ய விரும்புகிறேன்.' இப்படி எழுதினால் யார் பதில் போடுவார்கள்? வடக்கே ரங்கத் என்ற ஊரில் சிமென்ட் கடை வைத்திருந்த அவன் அப்பா கெடு வைத்துவிட்டார். இந்த வருஷமும் இடம் கிடைக்காவிட்டால் கல்லாவில் வந்து உட்கார வேண்டும்.

கடைசியாக மெயின்லேண்டில் ஒரு பேராசிரியர் விண்ணப்பம் அனுப்பச் சொன்னார். இவனைப் பற்றி விசாரிக்க மூன்று பேரைக் குறிப்பிட வேண்டும். இரண்டு பேர் கல்லூரி ஆசிரியர்கள். மூன்றாவதாக, பாராடாங் ஃபெரிப் படகில் கயிறு கட்டும் வங்காளி அண்ணன், எல்லோருக்கும் 'தாதா', அவர் பெயரையும் போன் நம்பரையும் போட்டு அனுப்பியே விட்டான்!

"அடப்பாவி! பெரிய சயின்டிஸ்ட் பேரைப் போடுற இடம்டா அது!"

"என் வேலையை நேர்ல பார்த்த ஆள்னுதானே கேட்டிருக்கு? தாதாதான் வாராவாரம் பார்த்தாரு."



பேராசிரியர் நிஜமாகவே தாதாவுக்கு போன் செய்துவிட்டார். போர்ட் பிளேர் வந்த தாதா, தன் இந்தியில் தெரிந்த தமிழையெல்லாம் கலந்து அதைப் பெருமையாகச் சொன்னார்.

"அரே, லட்கா எப்படி, பையன் எப்படின்னு சாப் கேட்டாரு. பாகல் ஹை சாப், பூரா பைத்தியம்னு சொல்லிட்டேன்."

"போச்சு!" என்றேன் நான்.

"ஒரு வாரம் பயங்கர மழை. இவனால எண்ண முடியல. 'போன வார நம்பரையே எழுது, யாரு பார்க்கப் போறா?'ன்னு நான் சொன்னேன். அதுக்கு ஒரு மாசம் என்கூட பேசல, பாய்! அதையும் சொல்லிட்டேன்."

"ஐயோ! அவர் என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு."

சிமென்ட் கடைதான் என்று முடிவே கட்டிவிட்டேன். சில நாளில் மெயில் வந்தது. இடம் கிடைத்துவிட்டது! 'எண்ணாததை எழுதாத ஆள்தான் எனக்கு வேண்டும்' என்று பேராசிரியர் ஒரு வரி சேர்த்திருந்தார்.

அவனோ ஓவென்று அழுதான். "டேய், அப்போ நான் மெயின்லேண்டுக்குப் போகணுமாடா?"

இத்தனை விண்ணப்பம் போட்டவனுக்கு அது அப்போதுதான் உறைத்திருக்கிறது!

கப்பல் டிக்கெட் போட்டது நான். கண்டபடி திட்டிக்கொண்டே பெட்டி கட்டியதும் நான். முதுகைக் காட்டிக்கொண்டுதான் கட்டினேன். நானும் அழுவதைப் பார்த்திருந்தால் அந்த லூசு போகாமலேயே இருந்திருப்பான்.