உலக இடமாற்றப் பிரிவும் ஓர் ஏரிக்கரை வீடும்

முதலில் கேட்டது கோழிச் சத்தம்தான். கொக்... கொக்... கொக்கொக்கென்று, பெங்களூர் ஈஜிபுராவில் இரண்டாவது மாடியில், பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து, முட்டையிட்ட திருப்தியோடு சாவகாசமாகக் கேட்டது. இரவு ஷிப்ட் முடிந்து படியேறி வந்த சுந்தரமூர்த்திக்கு முன்னாலேயே வீட்டுக்காரம்மா அம்புஜம் வந்து கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஏம்பா சுந்தரம், குடிவரும்போதே சொன்னேனா இல்லியா? நாய், பூனை, கோழி ஒண்ணும் கூடாதுன்னு?"

"கோழி இல்லம்மா. கம்ப்யூட்டர்."

"கம்ப்யூட்டர் முட்டை போடுதா?"

"போடுதும்மா. வெளிய எடுக்கத்தான் முடியாது."

கதவைத் திறந்து காட்டினார். கட்டிலின் மேல் லேப்டாப் திறந்து கிடந்தது. திரையில் சதுரக் கட்டிகளால் ஆன ஒரு மலை, அதன் அடியில் ஒரு ஓட்டு வீடு, வீட்டுக்கு முன்னால் ஏரி, ஏரிக்கரையில் இரண்டு கோழி. காலையில் கடைக்கு வேலைக்குப் போகிற அவசரத்தில் மனைவி உஷா அதை மூட மறந்திருந்தாள்.

அம்புஜம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "இங்க காவேரித் தண்ணி வருதா?"

"ஏரியே இருக்கும்மா."

"குடுத்து வச்சவங்க" என்று பெருமூச்சு விட்டுவிட்டு, அன்றைக்கும் வராத டேங்கர் லாரியைத் திட்டிக்கொண்டே கீழே இறங்கிப் போனாள்.

சுந்தரமூர்த்தி வேலை பார்த்தது தொம்மலூரில் ஒரு கம்பெனியில். பெயர் எதற்கு? அந்தத் தெருவில் எந்தக் கம்பெனிக்குள் நுழைந்தாலும் அதே கண்ணாடிக் கதவு, அதே காப்பி மிஷின், அதே தொங்கும் செடி. கடல் கடந்த தேசங்களில் யாருக்காவது ஏதாவது ஓடாமல் போனால், இவர் இரவெல்லாம் கண்விழித்து, 'தங்கள் பொறுமையைப் பெரிதும் மதிக்கிறோம்' என்று பதில் எழுதவேண்டும். உஷா சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் பில் போட்டாள். இவர் வருவதற்குள் அவள் போயிருப்பாள். அவள் திரும்பும்போது இவர் பஸ்ஸில் இருப்பார். அவளுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, இவருக்குச் செவ்வாய்க்கிழமை. ஊரார் கண்ணுக்குக் கணவன் மனைவி. உள்ளபடி பார்த்தால், ஒரே கட்டிலை முறைவைத்து உபயோகிக்கிற இரண்டு பேர்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கம்பெனிக்கு மனநலம் வந்தது. அதற்கு முன்னால் சிறுதானியம் வந்து, எல்லோரும் கேன்டீனில் வரகரிசி பிரியாணியை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கும் முன்னால் நாற்காலிகளை எடுத்துவிட்டு நின்றுகொண்டே மீட்டிங் நடத்தினார்கள். மனநலம் கொஞ்சம் நிலைத்தது. அதற்கென்று ஒரு துறை, துறைக்கு நிருபமா என்ற அதிகாரி. நிருபமா சதா புன்னகை செய்வார். ஆட்குறைப்புச் செய்தியைக்கூட மூச்சுப் பயிற்சிக்கு இடையில்தான் சொல்வார். ஒவ்வோர் ஊழியரும் கட்டிகளை அடுக்கி உலகம் கட்டும் விளையாட்டில் தமக்கென்று ஓர் உலகம் படைத்து மன அமைதி பெறவேண்டும், பெறாதவர்களின் பெயர் மேலதிகாரிக்குத் தெரிவிக்கப்படும் என்று அவர் உத்தரவு போட்டார். அமைதிக்கென்று ஆளுக்கொரு லேப்டாப்பும் வீட்டுக்கு வந்தது.

சுந்தரமூர்த்தி உத்தரவுக்குப் பயந்து ஒரு சுவர் எழுப்பினார். தூங்கி எழுந்து பார்த்தால் சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது. உஷா வைத்தது. இவர் கூரை போட்டார். அவள் அதைப் பிரித்துவிட்டு ஓடு போட்டாள். இவர் ஒரு கட்டில் போட்டார். மறுநாள் அதன் பக்கத்தில் இன்னொரு கட்டில், ஒட்டினாற்போல். இவர் ஏரி வெட்டினார், அவள் கோழி விட்டாள். வாசலில் ஒரு பலகை நட்டு அதில் சேதி எழுதிக்கொண்டார்கள். 'துவரம்பருப்பு தீர்ந்துபோச்சு.' 'வாங்கி வச்சிட்டேன். முதுகு வலி எப்படி?' 'வலிக்குது. ஏரி அழகா இருக்கு.' வாட்ஸப்பில் எழுதலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வாட்ஸப்பில் எழுதினால் பதில் போடவேண்டும். இங்கே வந்து நின்றாலே போதும்.

இந்த நிலையில்தான் பழைய லேப்டாப்புகளைத் திரும்பப் பெற்றுப் புதியவை வழங்கப்படும் என்றும், தத்தம் உலகம் புதிய லேப்டாப்புக்கு வரவேண்டும் என்று விரும்புவோர் உலக இடமாற்றப் பிரிவில் விண்ணப்பிக்கலாம் என்றும் சுற்றறிக்கை வந்தது.

"இது என்னங்க, ஒரு ஃபோல்டர்தானே?" என்று உஷா போனில் கேட்டாள். "எங்க கடையில பில்லிங் மிஷின் மாத்தினப்போ பென்டிரைவ்ல போட்டு எடுத்துட்டு வந்துட்டாங்க."

"பென்டிரைவ் சொருகுற ஓட்டைய கம்பெனி அடைச்சு வச்சிருக்கு. விண்ணப்பிச்சுட்டா போச்சு. முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

முறைமேல் அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை. தினமும் இரவு நாலு பேருக்கு 'முறைப்படி விண்ணப்பியுங்கள்' என்று எழுதிக்கொண்டிருக்கிறவருக்கு, தான் எழுதுவதில் தானே நம்பிக்கை இல்லாமல் எப்படி இருக்கும்?

உலக இடமாற்றப் பிரிவு பகலில் மட்டுமே இயங்கியது. தூக்கத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார். கண்ணாடி அறைக்குள் கிளிஃபர்ட் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் பட்டை, பட்டையில் அட்டை, அட்டையில் 'முதுநிலை மேலாளர், உலகங்கள்' என்று எழுதியிருந்தது. காக்ஸ் டவுன்காரர். பேச்சில் குறைவில்லாத மரியாதை.

"உக்காருங்க சார். உலகத்துல உயிருள்ளது ஏதாவது இருக்கா?"

"ரெண்டு கோழி."

"அடடா." கிளிஃபர்ட் பேனாவைக் கீழே வைத்தார். "பேஜார் பண்ணிட்டீங்களே. வெறும் உலகம்னா இன்னிக்கே முடிச்சிருவேன். கோழின்னா மனநலத் துறை ஒப்புதல் வேணும். இடமாற்றத்துல அதுங்களுக்கு மன உளைச்சல் வரக்கூடாதில்ல?"

"சார், அது வெறும் கட்டிங்க சார்."

"நாம மட்டும் என்ன சார்?" என்றார் கிளிஃபர்ட் தத்துவார்த்தமாக. "வீடு இருக்கா?"

"இருக்கு. ஏரிக்கரையில."

"ஏரிக்கரையிலயா?" அவர் முகம் மாறியது. "பெங்களூர்ல இருந்துகிட்டு ஏரிக்கரையில வீடு கட்டினேன்னு எங்கிட்டயே சொல்றீங்களே! நாளைக்கு மழை பெஞ்சு, வீட்டுக்குள்ள தண்ணி வந்து படகு விட்டா, டிவிக்காரன் வந்து நிப்பான்."

"சார், வீடுதான் முதல்ல. ஏரிய அப்புறம் நான்தான் வெட்டினேன்."

கிளிஃபர்ட் யோசித்தார். வெகுநேரம் யோசித்தார். "அப்படின்னா ஏரிதான் ஆக்கிரமிப்பு" என்று தீர்ப்பளித்தார். "ஏரிய ரெண்டு கட்டி தள்ளி வைங்க."

தள்ளிவைத்தார். இரண்டு பகல் தூக்கம் அதில் போயிற்று. மறுபடி போனபோது பாதுகாப்புத் துறையிலிருந்து வாசல் பலகையைப் பற்றி விளக்கம் கேட்டிருந்தார்கள். கம்பெனியில் ஒவ்வொரு ரகசியத் திட்டத்துக்கும் ஒரு சாப்பாட்டுப் பொருளின் பெயர். ஆகவே துவரம்பருப்பு எந்தப் பிரிவின் திட்டம், அது தீர்ந்துபோன தகவல் வெளியாள் ஒருவருக்கு எப்படிப் போயிற்று என்று தெரிந்தாகவேண்டும்.

"வெளியாள் இல்ல சார், என் பொண்டாட்டி."

"அதுக்குத்தான் வர்றேன்." கிளிஃபர்ட் குரலைத் தாழ்த்தினார். "நீங்களும் அவங்களும் ஒரு தடவைகூட ஒரே நேரத்துல அந்த உலகத்துல இருந்ததா பதிவே இல்ல. நீங்க வெளிய போனதும் அவங்க வர்றாங்க, அவங்க போனதும் நீங்க வர்றீங்க. ஒரே ஆளு ரெண்டு பேர் மாதிரி நடிக்கிறாரோன்னு கமிட்டிக்கு சந்தேகம்."

"நெஜத்துலயும் அப்படித்தான் சார்."

கிளிஃபர்ட் பரிதாபத்தோடு தலையாட்டினார். ஆனால் பரிதாபத்துக்கு விதிமுறையில் இடமில்லை. இருவரும் நேரில் ஆஜராகி, கமிட்டியின் முன்னிலையில் ஒரே சமயத்தில் உலகத்துக்குள் நுழைந்து காட்டவேண்டும் என்று முடிவாயிற்று.

உஷா கடையில் லீவு சொல்லிவிட்டு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தலையில் மல்லிகைப்பூவோடு தொம்மலூருக்கு வந்தாள். "எதுக்குடி பட்டு?" என்று சுந்தரமூர்த்தி வாசலில் கேட்டார்.

"வீட்டப் பாக்க நாலு பேர் வர்றாங்கன்னீங்க. நைட்டியிலயா வர்றது?"

கூட்ட அறையில் நீளமான மேஜை. ஒரு பக்கம் கமிட்டி, ஒரு பக்கம் இவர்கள். ஆளுக்கொரு லேப்டாப். நிருபமா எல்லோரையும் மூன்று முறை மூச்சை இழுத்துவிடச் சொன்னார். பிறகு எல்லோரும் உலகத்துக்குள் நுழைந்தார்கள். ஏரிக்கரையில் கமிட்டி முழுவதும் சதுரத் தலைகளோடு வந்து நின்றது. கோழிகள் கலைந்து ஓடின.

"கோழிங்களுக்கு இப்பதான் மன உளைச்சல் வந்திருக்கு" என்றாள் உஷா.

நிருபமா புன்னகை மாறாமல் குறித்துக்கொண்டார். கமிட்டி வீட்டைச் சுற்றி வந்தது. தீயணைப்பு வழி எங்கே? விருந்தினர் கையெழுத்துப் போடும் மேஜை எங்கே? இரண்டு கட்டில் ஏன் ஒட்டியிருக்கின்றன? பணியிட நடத்தை விதிகளின்படி ஒரு கைநீளம் இடைவெளி வேண்டுமே?

"கல்யாணம் ஆனவங்க சார்" என்றார் சுந்தரமூர்த்தி.

"லேப்டாப் கம்பெனியோடது. அதனால இதுவும் பணியிடம்தான்" என்றார் கிளிஃபர்ட் வருத்தத்தோடு.

விவாதம் நீண்டுகொண்டே போனது. இதற்குள் விளையாட்டுக்குள் சூரியன் இறங்க ஆரம்பித்திருந்தது. சதுரமான சூரியன், சதுரமான ஏரியில். உஷாவின் உருவம் ஏரியோரம் போய் நின்றது. சுந்தரமூர்த்தியின் உருவம் அதன் பக்கத்தில் போய் நின்றது. மேஜையோரத்தில் அவள் முழங்கை இவர் முழங்கையில் பட்டது, எடுக்கவில்லை.

"இப்படித்தான் இருக்குமா சாயங்காலம்?" என்று மெல்லக் கேட்டாள். "நான் வர்றப்ப எப்பவும் இருட்டா இருக்கும். பயந்துகிட்டே கதவச் சாத்திக்குவேன்."

"எனக்கும் இன்னிக்குத்தான் தெரியும்."

"திருமதி உஷா அவர்களே" என்றது கமிட்டி, "கட்டில் விஷயமாக ஒரு தெளிவுரை..."

எல்லாத் தெளிவுரைகளும் கொடுக்கப்பட்டன. கட்டில்கள் பிரிக்கப்பட்டன. பழைய லேப்டாப் ஒப்படைக்கப்பட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை 'தங்கள் உலகம் வெற்றிகரமாக இடமாற்றம் செய்யப்பட்டது' என்று செய்தியும், ஒரு ஆள் மூலமாகப் புது லேப்டாப்பும் வந்தன.

அன்று உஷாவுக்கு விடுமுறை. துவைத்த துணியை இருவருமாக மொட்டைமாடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் வாளியை அப்படியே வைத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார்கள். அதே மலை இருந்தது. மலைக்கு அடியில் புல் இருந்தது. வீடு இல்லை. ஏரி இல்லை. கோழி இல்லை. மனிதக் கை படாத, பளிச்சென்ற புல்.

சுந்தரமூர்த்தி கிளிஃபர்டுக்குப் போன் போட்டார்.

"உலகம் வந்துடுச்சா சார்?"

"வந்துடுச்சு. வீட்டக் காணோம்."

"வீடு எப்படி சார் வரும்? நீங்க கேட்டது உலகம். உலகம்னா மலை, புல், வானம். மேல கட்டினதெல்லாம் தனிப்பட்ட உடைமைன்னு விதி. ஒவ்வொரு உலகத்துக்கும் ஒரு நம்பர் உண்டு. அந்த நம்பரப் போட்டா அதே மலை புதுசா முளைக்கும். அதத்தான் போட்டோம்."

"அப்ப பழைய லேப்டாப்புலேர்ந்து வீட்ட எடுத்துக் குடுங்க."

"அத முதல் வேலையா அழிச்சாச்சே. அழிக்காம மாத்தினா ஒரே உலகம் ரெண்டு இடத்துல இருக்கும். அது போலி இல்லியா?"

"விண்ணப்பிக்காதவங்க உலகமெல்லாம் என்னாச்சு?"

"அதெல்லாம் ராத்திரியே தானா புது லேப்டாப்புக்குப் போயிடுச்சு சார், ஃபோல்டரோட. யாரும் கேக்கல, அதனால நாங்களும் கை வைக்கல." கிளிஃபர்ட் கொஞ்சம் தயங்கினார். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு சார். நெஜமா."

விண்ணப்பிக்காதவர்களைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான். பக்கத்து இருக்கைப் பையன் பரத், மன அமைதி உத்தரவுக்காக ஒரே ஒரு குழி தோண்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டவன். அந்தக் குழி ஓரம்கூட உதிராமல் புது லேப்டாப்புக்கு வந்து சேர்ந்திருந்தது.

போனை வைத்ததும் திரையில் ஒரு கேள்வி எழுந்தது: எங்கள் சேவை எப்படி இருந்தது? கீழே ஐந்து நட்சத்திரம்.

"ஒண்ணு போடுங்க" என்றாள் உஷா. அவள் கண் கலங்கியிருந்தது. "ஒண்ணுக்குக் கீழ இருந்தா அதப் போடுங்க."

சுந்தரமூர்த்தியின் விரல் முதல் நட்சத்திரத்தின் மேல் போய் நின்றது. ஒரு நட்சத்திரம் வாங்கினவனை மறுநாள் தனியறைக்குக் கூப்பிட்டு என்ன கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்த அறையின் நாற்காலி எந்தப் பக்கம் ஆடும் என்பதுகூடத் தெரியும்.

"அந்த ஆளுக்குப் புள்ளைங்க இருக்கும் உஷா" என்று சொல்லி, ஐந்தையும் அமுக்கினார்.

உஷா எழுந்து கீழே போனாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பகலில் அவர் தனியாக மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பரத் கூப்பிட்டான். கிட்டத்தட்ட அழுதான்.

"அண்ணே, என் குழி போச்சுண்ணே! சும்னே, யாருக்கும் தொந்தரவில்லாம ஒரு ஓரமா இருந்த குழி!"

"ஏண்டா?"

"உலக இடமாற்றப் பிரிவுக்கு விண்ணப்பிச்சது ஒரே ஒருத்தர்தானாம், நூத்துக்கு நூறு திருப்தியாம். அதனால தானா வந்த உலகங்களையும் விடாம, கம்பெனி மொத்தத்துக்கும் அதே முறையில மறுபடி மாத்தறாங்களாம். நிருபமா மேடத்தோடதுதான் முதல்ல போச்சு, பெரிய கோட்டையாம். சிரிச்சுகிட்டே அழறாங்கண்ணே, பாக்க பயமா இருக்கு. கிளிஃபர்டுக்குப் பிரமோஷன். எந்தப் புண்ணியவான்ணே அஞ்சு ஸ்டார் போட்டது? உங்களுக்குத் தெரியுமா?"

"தங்கள் பொறுமையைப் பெரிதும்..." என்று ஆரம்பித்துவிட்டு, சுந்தரமூர்த்தி நிறுத்திக்கொண்டார். "தெரியலடா" என்றார்.

போனைச் சட்டைப்பையில் போட்டார். வாளியில் குனிந்து, உஷாவின் புடவையை எடுத்துப் பிழிந்து, ஒருமுறை ஓங்கி உதறி, கொடியில் நீளமாக விரித்துப்போட்டார்.