ஆளுக்கு நாலு சிகரட்

"ஒரு நாளைக்கு எத்தனை சிகரட்?"

மூக்கையா முதல் தடவை இரண்டு என்றார். இரண்டு கிழமை கழித்து அதே கேள்விக்கு ஒன்பது என்றார்.

"அன்னிக்குச் சம்சாரம் பக்கத்துல நின்னுச்சும்மா."

சத்தியபாமா எழுதிக்கொண்டாள். புகைக்கும் பழக்கம் பரம்பரையாக வருகிறதா என்று கண்டியில் ஓர் ஆய்வு நடந்தது. அதற்கு இரத்தமும் பதில்களும் சேகரிப்பதே அவளுடைய தற்காலிக வேலை.

ஆய்வை நடத்தும் டாக்டர் ஹபீல் படிவங்களைத் தள்ளிவைத்தார்.

"இரத்தத்துல பிழையில்ல தங்கச்சி. வாயால சொல்றதுதான் பிழையாப் போகுது. ரெண்டு தடவையும் ஒத்துவராட்டி என்னத்த செய்ற? இந்த மாசமும் இப்பிடின்னா உங்கட வேலைக்கு வேற ஆளத்தான் பார்க்கணும்."

தான் கேட்கும் விதம்தான் பிழையோ என்று சத்தியபாமா யோசித்தாள். மனைவி இல்லாத இடமாகப் பார்த்து, குட்ஷெட் பஸ் நிலையத்தில் மூக்கையாவைப் பிடித்தாள். சுற்றிலும் அவருடைய கூட்டாளிகள்.

"முப்பது!" என்றார் நெஞ்சை நிமிர்த்தி.

சரி, மனைவியிடமே கேட்போம் என்று போனாள்.

"அறுபதுன்னு எழுதுங்க," என்றாள் ரத்தினம்மா. "இன்னிக்கு அந்தாளு மேல கோவமா இருக்கேன்."

கடைசி நம்பிக்கை வத்தேகம. யாழ்ப்பாணத்திலிருந்து சண்டைக்குத் தப்பி வந்த மூன்று சகோதரர்கள் அங்கே ஒரே வீட்டில் இருந்தார்கள். மூத்தவர் நவரட்ணராஜா, "நாலு. பதினெட்டு வயசில தொடங்கினது," என்றார். தம்பிமார் இருவரும் அதையே சொன்னார்கள். இரண்டு கிழமை கழித்தும் நாலு, பதினெட்டு. சத்தியபாமா சந்தேகப்பட்டு, மூவரையும் தனித்தனியே கூப்பிட்டுக் கேட்டாள். நாலு, பதினெட்டு. காலமான தகப்பனாரும் அப்படித்தானாம்.

"மாஷா அல்லாஹ்!" டாக்டர் எழுந்தே நின்றுவிட்டார். "இது பரம்பரையேதான்! இந்தக் குடும்பத்த வெச்சே கட்டுரைய எழுதுவோம். உங்கட வேலையும் நிரந்தரம்."

நன்றி சொல்ல வத்தேகம போனாள். நவரட்ணராஜாவின் மனைவி பத்மாதேவி கதிரையை இழுத்துப் போட்டாள்.

"அக்கா, உங்க வீட்டு ஆளுங்க மாதிரி ஒழுங்காப் பதில் சொல்றவங்கள நான் பார்த்ததே இல்ல. ஒரு எண்கூடப் பிசகல்ல!"

"ஓம், அவை நல்ல கவனம். சிகரட்டை மட்டும் ஒருத்தரும் கையாலயும் தொட்டதில்லை."

சத்தியபாமாவின் தேநீர்க் கோப்பை பாதி வழியில் நின்றது.

"அப்ப... நாலு?"

"ஒண்டுமில்லை எண்டால் நம்பமாட்டியள் எண்டு இவர்தான் நாலு எண்டார். ஆர் கேட்டாலும், எத்தினை தரம் கேட்டாலும் வீட்டில எல்லாருக்கும் ஒரே கதைதான் எண்டு ஆமிச் சென்ரியில மறிச்சு விசாரிக்கேக்க பழகினனாங்கள். உண்மை வேணுமெண்டால் முதலே சொல்லியிருக்கலாமே, பிள்ளை!"