மைத்துனன் கடைக்குப் போகாமல் இருக்க ஒரு வெப்சைட்

இனி எவனிடமும் கைகட்டி வேலை செய்வதில்லை என்று முடிவெடுத்தேன். திருவொற்றியூரில் நான் கணக்கெழுதிய தொழிற்சாலையை இழுத்து மூடிய மறுநாள் எடுத்த முடிவு அது. தொழிற்சாலையும் என்னைப் பற்றி அதே முடிவுக்கு வந்திருந்ததால் எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை.

"அதான் தம்பி கூப்டுகினே கீறானே, போய் கல்லாவுல ஒக்காருங்க" என்றாள் மனைவி ஷரீஃபுன்னிசா.

தம்பி என்றால் என் மைத்துனன் சுஹைப். வண்ணாரப்பேட்டையில் பாத்திரக் கடை. என்னைவிடப் பத்து வயது சின்னவன். கடை நிறைய ஆள் இருக்கும் நேரமாகப் பார்த்து, "மச்சான், அப்டியே நாலு டீ சொல்லிட்டு வாங்க" என்பான். அங்கே போனால் டீ சொல்லியே என் ஆயுசு முடிந்துவிடும்.

"நான் நெட்ல சம்பாரிக்கப் போறேன். அஃபிலியேட் மார்க்கெட்டிங். ஒரு பொருளப் பத்தி எழுதி லிங்க் குடுக்கணும். அத அமுக்கி எவனாவது வாங்கினா நமக்குக் கமிஷன்."

"தரகு வேலன்னு சொல்லுங்க."

"தரகுக்கு நடக்கணும். இது ஒக்காந்த எடத்துல."

"சரி. நோன்பு பொறக்கறதுக்குள்ள ஒரு ரூபா வந்தாலும் நீங்க ஜெயிச்சீங்க. வரலன்னா தம்பி கடை. இன்னா சொல்றீங்க?"

ஒப்புக்கொண்டேன். தண்டையார்பேட்டை பிரவுசிங் சென்டரில் குடியேறினேன்.

நல்ல கம்பெனியாகப் பார்த்துச் சேர்வதுதான் இந்தத் தொழிலின் உயிர் என்று நெட்டில் எல்லோரும் எழுதியிருந்தார்கள். எழுபத்தைந்து சதவீதம் கமிஷன் தரும் அமெரிக்கக் கம்பெனியைப் பிடித்தேன். நாய் பழக்கும் புத்தகம்.

"நம்ம தெரு நாயிங்களுக்கா? அதுங்களே நாலு பேரப் பழக்கி வுடும்" என்றாள் ஷரீஃபுன்னிசா.

அடுத்து, உடம்பு இளைக்கும் மாத்திரை. அறுபது சதவீதம்.

"வேல போனா தானா எளைக்குது. உங்களையே பாருங்க."

மனம் உடைந்து உட்கார்ந்திருந்தபோது அவளே வழி சொன்னாள். "எவ்ளோ கமிஷன்னு பாக்காதீங்க. நம்ம ஜனம் இன்னா வாங்கும்னு பாருங்க. குக்கரு, மிக்ஸி, தோசக்கல்லு."

தேடினால், வீட்டுச் சாமான் விற்கும் நம்மூர்க் கம்பெனி ஒன்று அகப்பட்டது. கமிஷன் கொசுறுதான். ஆனால் சரக்கு சுத்தம், செக் ஒழுங்காக வருகிறது என்று பலரும் எழுதியிருந்தார்கள். சேர்ந்து ஒரு வெப்சைட்டும் திறந்தேன். எந்த குக்கரில் கறி குழையும், எந்த மிக்ஸியில் இஞ்சி நார் சிக்கும் என்று அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். இவ்வளவு நல்லவளையா இத்தனை வருஷம் சந்தேகப்பட்டோம் என்று கண் கலங்கிவிட்டது.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் எண் பக்கத்தின் அடியில் ஓடியது. முதலில் பத்து. பிறகு நூறு. பிறகு ஆயிரத்தையும் தாண்டியது. கமிஷன் மட்டும் பூஜ்யம். தினமும் போய்ப் பார்த்தேன், தினமும் பூஜ்யம். சோறு இறங்கவில்லை. தூங்கினால் கனவில் சுஹைப் டீ கேட்டான்.

நோன்புக்கு முந்தின நாள் எதிர்வீட்டுப் பூவம்மா வாசலில் வந்து நின்றாள்.

"மஜீது அண்ணே, உங்க கம்ப்யூட்டர்ல போட்டிருந்தீங்களே அஞ்சு லிட்டரு குக்கரு, சோக்கா கீது."

"லிங்க அமுக்கியா வாங்குன?" என்று வாசலுக்கு ஓடினேன்.

"அதுக்கு இன்னாவோ கார்டு கேக்குதாமே. எங்கைல ரேஷன் கார்டுதான் கீது. ஷரீஃபாக்கா தான், 'படத்தப் பாத்துக்கங்கடி, சாமான் நான் வாங்கித் தரேன்'னு எங்க எல்லாரையும் அவங்க தம்பி கடைக்கு இட்டுகினு போனாங்க."

உள்ளே பாய்ந்தேன். ஷரீஃபுன்னிசா நிதானமாக அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆயிரம் பேரும் நீ அனுப்புன ஆளுங்களா?"

"பின்ன, அமெரிக்காலேர்ந்தா வந்தாங்க? ராயபுரத்துலேர்ந்து எண்ணூரு வரைக்கும் சொல்லி வச்சேன்."

"அப்ப என் கமிஷன்?"

"தம்பி எனக்குக் குடுத்துட்டான். நடந்தது நான்தான?"

உலகத்தில் எனக்கு யாருமே இல்லை என்று தோன்றியது.

"இன்னும் ஒரே ஒரு மாசம் டைம் குடு ஷரீஃபா" என்று கெஞ்சினேன்.

"ஆவாதுங்க. நீங்க எழுதி எழுதி கடையில கூட்டம் தாங்கல. ஆள் வோணும்னு தம்பி ஒத்தக் கால்ல நிக்கறான். நோன்பு மாசத்துல டீ சொல்லச் சொல்ல மாட்டான், நிம்மதியா போங்க."

"போகலன்னா?"

"எப்டிப் போகாம இருப்பீங்க? உங்களச் சேத்து வுட்டதுக்கும் அவன் கமிஷன் குடுத்துட்டான். நான் செலவும் பண்ணிட்டேன்."