மாப்பிள்ளையின் போர்க்களத்துக்கு வீடு பார்த்த கதை

திண்டிவனம்,
16.9.2012

மிகுந்த அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை ராஜ்குமார் அவர்களுக்கு, மாமனார் தீனதயாளன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் தண்ணீர் மோட்டாரும் சௌக்கியம். அங்கு தங்கள் சௌக்கியத்தையும், என் மகள் சங்கவியின் சௌக்கியத்தையும், தங்கள் கிளப் நண்பர்கள் அனைவருடைய சௌக்கியத்தையும் அறிய ஆவல்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் சங்கவி ‘சாப்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா’ என்று கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கு ஆபீஸ் நேரம் வந்துவிடுகிறது. தாங்கள் பேசினாலோ ‘எப்படி இருக்கீங்க மாமா’, ‘நல்லா இருக்கேன் மாப்ள’ என்பதற்கு மேல் நம் இருவருக்குமே வார்த்தை கிடைப்பதில்லை. ஆகவே எழுதுகிறேன்.

லீட்ஸ் நகரத்தில் சனிக்கிழமைதோறும் பெரிய மேசையில் விரல் உயரச் சிப்பாய்களை அணிவகுத்து நிறுத்தி, பழைய காலத்துச் சண்டைகளைப் பகடை உருட்டி மறுபடி நடத்துகிறீர்கள், அடுத்தது ஆயிரத்து எழுநூற்று அறுபதில் வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் மோதிய வந்தவாசிச் சண்டை, அதற்கு நம் பக்கத்து மலையும் ஏரியும் வீடும் வேண்டும், கடையில் கிடைப்பதெல்லாம் பனி விழுகிற ஊர் வீடுகள் என்று தாங்கள் வருத்தப்பட்டபோது, ‘நான் செஞ்சு அனுப்புறேன் மாப்ள’ என்று சொன்னவன் நான்தான். முன்சிபாலிட்டி குடிநீர்ப் பிரிவில் முப்பது வருஷம் குழாய் பார்த்தவனுக்கு ஒரு மேசை நிலம் என்ன பெரிய காரியம் என்ற மமதை. தவிர, உங்கள் மாமியார் போன பிறகு என்னிடம் யாரும் எதையும் கேட்டு வந்ததில்லை.

முதலில் வந்தவாசிக்கே போனேன். பஸ்ஸை விட்டு இறங்கிச் சுற்றிலும் பார்த்தேன். செல்போன் கோபுரம் இருந்தது, கல்யாண மண்டபம் இருந்தது, ஆயிரத்து எழுநூற்று அறுபதை மட்டும் காணோம். திரும்பி வந்து திண்டிவனத்தைச் சுற்றிப் பார்த்து, கண்ணில் பட்டதை எழுதி அனுப்பினேன். தாங்கள் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தீர்கள். சீமைக்கருவேலம் அப்போது கிடையாது, எடுத்துவிடுங்கள் மாமா. எடுத்தேன். மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலை, அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் இருந்திருக்காது, கேப்பை போடுங்கள். போட்டேன். சீமை ஓடு கூடாது, நாட்டு ஓடும் கூரையும்தான். கரண்டு கம்பம் கூடவே கூடாது. கடைசியில் மிச்சம் நின்றது பாறையும் பனையும் ஏரியும் வெயிலும். வெயிலை எப்படிச் செய்வது என்று தெரியாமல் எல்லாவற்றிலும் கொஞ்சம் மஞ்சள் பூசிவிட்டேன்.

மேசைமேல் மூன்று வீடு வைத்தால் அது ஒரு ஊர் என்று தாங்கள் சொன்ன கணக்குதான் எனக்கு முதலில் பிடிபடவில்லை. பிறகு யோசித்தேன். எங்கள் தெருவிலும் இப்போது மூன்று வீட்டில்தான் ஆள் இருக்கிறது. மற்றவர்களெல்லாம் பிள்ளைகளோடு மெட்ராஸ், பெங்களூர் என்று போய்விட்டார்கள். நகராட்சி இதை இன்னும் தெரு என்றுதான் சொல்கிறது. ஆகவே கணக்கு சரி.

வீட்டுக்கு மாதிரி தேடித்தான் கண்டாச்சிபுரம் பக்கம் போனேன். ஒரு கிராமத்தில் மண்சுவரும் நாட்டு ஓடுமாக அருமையான வீடு. சட்டைப் பையில் பேனாவும், அளவுக்காகத் தாங்கள் அனுப்பிய சிவப்புக் கோட்டுச் சிப்பாயும் இருக்க, டேப்பை விரித்துச் சுவரை அளக்க ஆரம்பித்ததுதான் தாமதம், உள்ளேயிருந்து அஞ்சம்மாள் என்கிற அந்த வீட்டுக்கார அம்மாள் துடைப்பத்தோடு வந்தாள்.

‘யாருய்யா அது, எங்கூட்டு செவுத்த அளந்துக்கினு நிக்கிற? இன்னொரு ரோடு போடப் போறியா? போன தபாவும் ஒருத்தன் இப்பிடித்தான் பேனாவ சொருவிக்கினு வந்தான். அடுத்த வருசம் எங்க கெணத்து மேல லாரி போவுது!’

அவளுடைய மகன் ராஜசேகர் ஓடிவந்து டேப்பைப் பிடுங்கிக்கொண்டான். ஊரே கூடிவிட்டது.

‘ரோடு இல்லீங்கம்மா. வீடு கட்டறதுக்கு’ என்றேன்.

‘எங்க கொல்லையிலியா?’

‘இல்லீங்க. மேசை மேல.’

பையிலிருந்து சிப்பாயை எடுத்துக் காட்டினேன். ‘இவரு வந்து தங்கறதுக்கு.’

‘பொம்மையா? யாரு வெளாட?’

‘எங்க மாப்பிள்ளை.’

‘சின்னப் புள்ளைக்கா பொண்ணக் குடுத்தீங்க?’

‘முப்பத்தாறு வயசாகுதுங்க. இங்கிலாண்டுல கம்ப்யூட்டர் இன்ஜினீரு.’

மாப்பிள்ளை, ஊரே என்னைப் பார்த்த பார்வையை நான் இந்த ஜன்மத்தில் மறக்க மாட்டேன். ராஜசேகர் டேப்பைத் துடைத்து என் கையில் திருப்பிக் கொடுத்தான். அஞ்சம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

‘வெசனப்படாதீங்கய்யா. எல்லாங் கொணமாயிடும். முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரில இதுக்கெல்லாம் டாக்டருங்க இருக்கிறாங்களாம். ஜல்தியா இட்டாந்து காட்டுங்க. பாவம், அந்தப் பொண்ணு!’

நான் அப்போதே மறுத்துச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் கேப்பைக்களியும் கருவாட்டுக் குழம்பும் வந்துவிட்டன. எதிரில் ஒருவர் உட்கார்ந்து ‘இன்னுங் கொஞ்சம் போட்டுக்கோங்க’ என்று சொல்ல, நான் சாப்பிட்டு ரொம்ப நாளாகிறது. தங்கள் பெயரைக் காப்பாற்றாமல் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டேன். மன்னிக்கவும்.

அதற்குப் பிறகு செய்முறை. மலைக்கு வேண்டிய தெர்மாகோலை விழுப்புரத்தில் மணமேடை ஜோடிப்பவரிடம் வாங்கினேன். அதில் ஏற்கெனவே ‘நல்வரவு’ என்று வெட்டியிருந்ததால் மலையின் பின்பக்கத்தில் இன்றைக்கும் ‘வரவு’ இருக்கிறது. மேலே பாறைகளை ஒட்ட, செருப்புக் கடையில் வாங்கிய பசையைத் தடவினேன். பசை தெர்மாகோலைத் தின்றுவிட்டது. மலை இருந்த இடத்தில் ஒரு ஏரி உண்டாகிவிட்டது. சரி, ஏரியும்தானே வேண்டும் என்று அதில் கண்ணாடித் துண்டைப் பதித்து, மலையை வேறு பக்கம் மாற்றினேன். நிஜமாகத் தெரியட்டும் என்று நிஜக் கேப்பையைத் தூவிக் கொல்லை செய்தேன். எலி ஒரே ராத்திரியில் அறுவடையை முடித்துவிட்டுப் போனது. இவ்வளவும் சாப்பாட்டு மேசையின் மேல் இருப்பதால் நான் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். சங்கவிக்குச் சொல்ல வேண்டாம். உட்கார்ந்து சாப்பிட்டாலும் எதிர் நாற்காலி காலியாகத்தானே இருக்கப்போகிறது, நின்றால் அது கண்ணில் படுவதில்லை.

போன வாரம் அஞ்சம்மாள் பத்திர ஆபீஸ் வேலையாகத் திண்டிவனம் வந்தவள், விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். மடியில் மல்லாட்டை. மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ‘இது எங்கூடு!’ என்று கத்தினாள். சிப்பாய்களை உள்ளே வைத்து எடுக்க வசதியாகக் கூரையைத் தூக்கும்படி செய்யச் சொல்லியிருந்தீர்கள் அல்லவா, அதைத் தூக்கிப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

‘என்னாய்யா, எல்லா ஊடும் காலியா கெடக்குது? ஜனங்கோ எங்க?’

‘சிப்பாய் மட்டுந்தான் வருவாங்கம்மா.’

‘நல்லாருக்குதே! ஊட்ட உட்டுட்டு எல்லாம் எங்க போயிருப்பாங்கோ?’

அவள் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. களிமண்ணில் ஆள் பிடிக்க ஆரம்பித்தேன். கூரை வீட்டில் ஒரு கிழவர் படுத்திருக்கிறார். பக்கத்து வீட்டில் ஒரு குடும்பம் கூழ் குடிக்கிறது. ஓட்டு வீட்டு அடுப்படியில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருக்கிறாள், பச்சைப் புடவை. சங்கவி கூரையைத் தூக்கிப் பார்த்தால் அவள் அம்மா என்று கண்டுகொள்வாள். விரல் நுனி அளவுதான், ஆனாலும் உங்கள் மாமியாருக்கு இடுப்பில் கை வைத்தால்தான் பேச்சே வரும் என்பதால் அப்படியே வைத்தேன்.

அன்றைக்குத்தான் தாங்கள் அனுப்பிய விளையாட்டு விதிகளை முழுதாகப் படித்தேன். பகடையில் ஆறு விழுந்தால் கூரை வீடு தீப்பற்றும், கறுப்புப் பஞ்சை மேலே வைத்து வீட்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று போட்டிருக்கிறது. மாப்பிள்ளை, பெரியவனாக ஒரு விண்ணப்பம். சண்டையைத் தயவுசெய்து ஏரிக்குக் கிழக்கே, காலி நிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தரப்பு ஜெனரல்களிடமும் சொல்லிப் பாருங்கள். அவர்களுக்கும் குடும்பம் இருக்கும்தானே.

எல்லாவற்றையும் பழைய வேட்டிகளில் சுற்றி அட்டைப்பெட்டியில் கட்டிவிட்டேன். நாளை கூரியர்காரர் வந்து எடுத்துக்கொள்வார். எனக்கும் மேசை கிடைக்கும், உட்கார்ந்து சாப்பிடலாம். இங்கே எந்தக் குறையும் இல்லை. லீவைச் செலவழித்துக்கொண்டு தாங்கள் வர வேண்டாம். டிக்கெட் விலையும் அதிகம். தங்கள் இருவருக்கும் சகல சௌபாக்கியமும், தங்கள் பக்கத்துப் பகடைக்கு நல்ல எண்களும் விழ வேண்டுமென்று மயிலம் முருகனை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் மாமா,
தீனதயாளன்

பி.கு.: மேலே பார்சல் பற்றி எழுதியதைத் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும். கூரியர்காரர் இன்று காலை வந்தார். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன். வெகுநேரம் தட்டிவிட்டுப் போய்விட்டார். பெட்டியைப் பிரித்து எல்லாரையும் அவரவர் வீட்டில் இறக்கிவிட்டேன். வந்தவாசியை அனுப்புவதாக இல்லை. டிக்கெட் விலை அதிகம் என்றதும் பொய், விசாரிக்கவேயில்லை. தைக்கு இரண்டு பேரும் கிளம்பி வாங்க. சண்டை போட்டே ஆகணும்னா நேர்ல வந்து என்கூடப் போடுங்க மாப்ள. சங்கவிக்கும் சண்டை நல்லாவே வரும்.