பொன்மான் டீத்தூள் விலக்குப் படலம்

வெண்துணி நெய்யும் விரல்வேந்தனும், நாளொன்றுக்கு ஆறு டீ அருந்தும் அகன்ற மார்பினனும், இராஜபாளையம் பேண்டேஜ் கம்பெனியின் மூன்றாம் தறிக்கு முடிசூடா மன்னனுமாகிய ஐயாதுரை வாழ்க! அவன் தொண்டை வறண்ட மூன்று நாட்களைப் பாடப் புகுந்தோம். ஆலைச் சங்கே, நீ முன்னின்று ஊதுவாயாக!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டாம் ஆண்டு ஆடித் திங்களில், 'பொன்மான் கம்பெனிக்காரன் டீத்தூளில் சாயம் கலக்கிறானாம்' என்றொரு பேச்சு, சொன்னவன் பெயருமின்றிக் கண்டவன் சாட்சியுமின்றிச் சேத்தூர் டவுன் பஸ்ஸில் டிக்கெட்டும் எடுக்காமல் வந்திறங்கிற்று. கேட்டனன் ஐயாதுரை, கண் சிவந்தனன், மீசை துடித்தனன். தறிக்காரனுக்குத் துணியை விடவும் நேர்மையான சாட்சி உண்டோ? வெளுத்த பேண்டேஜ் துணியில் ஒரு முழம் கிழித்து, கம்பெனி வாசல் டீக்கடையில் வேலுத்தாய் ஆற்றித் தந்த பொன்மான் டீயில் முக்கினன். துணி பழுப்பேறிற்று. போதாதா!

"ஏலே, பாத்தீகளா சாயத்த! இனிமே பொன்மான் டீயக் குடிக்கிறவன் எனக்குச் சேக்காளியே கெடையாது!" என்று அவன் முழங்க, பதினெட்டுத் தறிவீரரும் கிளாசைக் கவிழ்த்தனர்.

வேலுத்தாயோ அந்தப் பாய்லர் சூட்டிலேயே மூன்று பெண்மக்களை வளர்ப்பவள். "எவனோ சொன்னாம்னு எம் பொழப்புல மண்ணள்ளிப் போடுதீகளே அண்ணாச்சி! நிரூபிச்சுட்டு வாங்க, நானே கடைய மூடுதேன்" என்றாள்.

"சந்தேகம்னு வந்தாப் போதும், மதினி!" என்றருளி, அறத்தின் உச்சாணிக் கொம்பில் ஏறி அமர்ந்தனன் வீரன். அங்கே டீ கிடைக்காது என்பது பதினொரு மணிக்குத்தான் தெரிந்தது.

அந்தோ! நெற்றிப்பொட்டில் நூறு தறிகள் ஓடின, இழை அறுந்தது, அறுந்த இழையை முடிந்தால் அடுத்த இழை அறுந்தது. ஆயினும் தளராது, பழுப்பேறிய துணியைக் கம்பில் கட்டிக் கொடியாய் உயர்த்தி, மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் டீக்கடைகள் மேல் படையெடுத்தனன் தனியொருவன். தலைவலி தாளாது வைகுண்டராஜின் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கியபோது, அவர் கொடியை உற்று நோக்கி, "இது உங்க கம்பெனித் துணியா?" என்றார். "பின்னே! மூணாந்தறி, நான் நெய்தது!" என்று மார்தட்டிப் பஸ் ஏறினன், பாவி மனிதன்.

பொழுது சாய்வதற்குள் 'அந்தக் கம்பெனித் துணியெல்லாம் அழுக்காம்' என்ற பேச்சு கடைதோறும் பரவிற்று. மூன்றாம் நாள் காலை, பேண்டேஜ் கட்டுகள் மூட்டை மூட்டையாய்த் திரும்பின. "விஷயம் தெளியுற வரைக்கும் தறி ஓடாது" என்று முதலாளி கூறிவிட்டார்.

பொங்கினன் ஐயாதுரை! ஸ்ரீவில்லிபுத்தூருக்கு விரைந்து வைகுண்டராஜ் முன் நின்று, "எவனோ சொன்னாம்னு நம்பிருவீகளா? நிரூபிக்க வேண்டாமா? பதினெட்டுக் குடும்பம்யா! அது அழுக்கில்ல, டீ!" என்று வானதிர முழங்கினன். சொல்லி முடித்ததும் வேலுத்தாயின் முகம் நினைவுக்கு வர, அவன் குரல் இறங்கிவிட்டது.

"நிரூபியும்" என்றார் அவர். பக்கத்துக் கடையிலிருந்து ஒரு டீ வந்தது. அது பொன்மான் அன்று, வேறு கம்பெனித்தூள். புதுத் துணியை அதில் முக்கினர். அதே பழுப்பு! வைகுண்டராஜ் தம் மேசை மேலிருந்த காப்பியிலும் ஒரு துண்டை முக்கிப் பார்த்துச் சிரித்துவிட்டார். கட்டுகள் கடையேறின, தறிகள் பிழைத்தன, மானம் மீண்டது. ஆனால் பொன்மானுக்கு எதிராய் வீரனிடம் இருந்த ஒரே அம்பும் முறிந்துபோயிற்று.

வென்றவனும் தோற்றவனும் ஒருவனேயாகி, பதினெட்டு வீரரும் பின்தொடர, தலை கவிழ்ந்து வேலுத்தாயின் பாய்லர் முன் போய் நின்றனன்.

"எந்தத் தூள்ல போடட்டும், அண்ணாச்சி?"

"பொன்மான்லயே போடுங்க, மதினி. தப்பு எம்மேலதான்."

டீ நன்றாக இருந்தது.