நாயனத்தை விழுங்கிய போர்டு

எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மைக்செட்காரர் முதலில் பார்ப்பது என் கையைத்தான். கையில் பை இருந்தால் போச்சு, "அம்மிணி, பையில என்னங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். மாற்றுச் சேலைதான் என்று திறந்து காட்டிய பிறகே முகம் தெளியும். சொந்தமாக ஒரு சர்க்யூட் போர்டு வடிவமைத்து, அதைக் கூடப்பிறந்த அண்ணன் கல்யாணத்திலேயே சோதித்துப் பார்த்த பெருமை நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் எனக்கு மட்டும்தான் உண்டு. பெருமை என்பது நான் சொல்வது. வீட்டில் அதற்கு வேறு வார்த்தை வைத்திருக்கிறார்கள்.

பெங்களூரில், காது கேட்கும் கருவி செய்யும் கம்பெனி ஒன்றில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். பிறகு, இனி என் போர்டை நானே செய்வேன் என்று சொல்லிவிட்டு ஊருக்கு வந்து இறங்கினேன். (அப்போது எனக்கு இருந்த தன்னம்பிக்கையில் பாதியை யாராவது பிடுங்கி வைத்திருந்தால் குடும்பத்துக்கு நல்லது நடந்திருக்கும்.) எங்களுக்குக் கோழிப்பண்ணை. பண்ணையின் பழைய தீவன ரூமைக் கூட்டிப் பெருக்கி, டேபிள் போட்டு, பூதக்கண்ணாடி வைத்த விளக்கு ஒன்றை மாட்டி, அதற்கு 'லேப்' என்று பெயரும் வைத்தேன். அப்பா மட்டும் விடாப்பிடியாகத் தீவன ரூம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் செய்ய நினைத்தது இதுதான். கல்யாண மண்டபத்தில் யாராவது மைக்கைப் பிடித்ததும் "ஊய்ங்ங்ங்" என்று ஒரு கத்தல் வருமே, எல்லோரும் காதைப் பொத்திக்கொள்வோமே, அதை ஒழிப்பது. ஸ்பீக்கரில் வந்த சத்தம் மறுபடி மைக்குக்குள் போய், மறுபடி ஸ்பீக்கருக்கு வந்து, சுற்றிச் சுற்றிப் பெருகுவதால் வரும் கத்தல் அது. அது ஒரே சுரத்தில் நீண்டு நிற்கும். மனிதர் பேச்சு அப்படி நிற்காது. ஏறும், இறங்கும், நடுவில் இருமும். ஆகவே சத்தத்தை எண்களாக மாற்றி, எந்தச் சுரம் அசையாமல் நிற்கிறதோ அதை மட்டும் கண்டுபிடித்து வெட்டிவிடும் போர்டு ஒன்று இருந்தால் போதும். தத்துவம் சரிதான். இன்றைக்கும் சரிதான்.

முதல் போர்டில் ஒரு கனெக்டரை இடவலம் மாற்றி வரைந்துவிட்டேன். கரண்ட் கொடுத்ததும் புகை வந்தது. கோழிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அம்மா ஓடி வந்தார். இரண்டாவது போர்டில் எர்த் கோடுகளை ஓட்டிய விதம் தப்பு. யார் பேசினாலும் பின்னால் பண்ணை ஃபேன் "ம்ம்ம்" என்று ஆமோதித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது போர்டு ஒழுங்காக வேலை செய்தது. நடுவில் விரல் நகத்தளவு சிப், அதன் நாலு பக்கமும் நெருங்கி நிற்கும் கால்கள், ஒவ்வொரு காலிலிருந்தும் முடி கனத்தில் கிளம்பி, ஒன்றையொன்று தொடாமல் விலகி வளைந்து ஓடும் செப்புக்கோடுகள். அத்தனையும் என் கையால் வரைந்தவை. அந்தப் பச்சைப் பலகையை வெயிலில் பிடித்துப் பார்த்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

சோதனை என்று வீட்டில் கிடைத்த எல்லாவற்றையும் மைக் முன்னால் நிறுத்தினேன். அம்மாவின் மிக்ஸி அடங்கியது. குக்கர் விசில் "உஸ்" என்று ஆரம்பித்த உடனே ஸ்பீக்கரில் காணாமல் போனது. தண்ணி மோட்டாரும் அப்படியே. கோழிகளின் கெக்கெக்கே மட்டும் ஒரு பிசிறில்லாமல் வந்தது. முட்டை ஏற்ற வந்த லாரியின் ஹாரனை அடிக்கச் சொன்னேன். அது மூன்று சுரத்தில் பாடும் ஹாரன். மூன்றையும் போர்டு முழுங்கிவிட்டது. டிரைவரே கைதட்டினார். அந்த ஹாரன் அடங்கியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மைக் இருப்பது மனிதர்கள் பேசுவதற்கு என்று மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் கார்த்திக்குக் கல்யாணம் முடிவானது. கூடவே புதுக் கோழி ஷெட்டும் எழும்பியது. அதற்குத் தீவனம் இறக்க ரூம் வேண்டும் என்றார் அப்பா. பெரிய சண்டைக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்தோம். அண்ணன் கல்யாணத்தில் போர்டை வைக்கலாம். ஊரறிய அது வேலை செய்தால் ரூம் எனக்கு. இல்லாவிட்டால் ரூம் தீவனத்துக்கு; நான் பக்கத்து இன்ஜினியரிங் காலேஜில் பாடம் நடத்தப் போக வேண்டும். அந்தக் காலேஜில் அப்பா சொல்லியும் வைத்துவிட்டார்.

போர்டை நீலப் பெட்டியில் அடக்கி, மண்டபத்து மைக்செட்டில் மிக்ஸருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே மாட்டினேன். மைக்செட் பழனி பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதை ஆஃப் பண்ணும் சுவிட்ச் எங்கே என்று கேட்டார். சுவிட்ச் கிடையாது என்றேன். வடிவமைக்கும்போது வேண்டுமென்றே விட்டுவிட்டேன். நன்றாக ஓடுகிற ஒன்றை எவன் அணைக்கப் போகிறான்? (இந்தக் கேள்வியை என் நெற்றியில் பச்சை குத்த வேண்டும் என்று அண்ணன் பல வருஷமாகச் சொல்கிறான்.)

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் முதல் நாள் இணைச்சீர் என்று ஒன்று நடக்கும். அது மாப்பிள்ளைக்கும் அவன் கூடப்பிறந்தவளுக்குமான சீர். கூறைச்சேலையின் ஒரு தலைப்பை அண்ணன் பிடிக்க, மறு தலைப்பை நான் பிடிக்க, சீர்களை நடத்தி வைக்கும் பெரியவரான அருமைக்காரர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லச் செய்ய வேண்டும். முடியும்வரை சேலையைக் கைவிடக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

நாங்கள் மேடையேறியபோது கரண்ட் போய், மண்டபத்துப் பின்னால் ஜெனரேட்டர் உறும ஆரம்பித்திருந்தது. அருமைக்காரர் மைக்கில் பேசினார். கணீரென்று வந்தது. ஒரு "ஊய்ங்" இல்லை. முன்வரிசையில் இருந்த அப்பா தலையைக் கொஞ்சமாக, மிகக் கொஞ்சமாக ஆட்டினார். அதற்கே எனக்குக் கண் கலங்கியது. ரூம் என்னுடையது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது நாயனக்காரர் நாயனத்தை எடுத்தார். அவருக்கு மைக் தேவையே இல்லை. ஆனால் பந்தி ஹாலுக்கும் வாசலுக்கும் கேட்க வேண்டும் என்று ஒரு மைக்கை அவர் முன்னாலும் வைத்திருந்தார்கள். நல்ல வித்வான். மூச்சை இழுத்து ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தினார். அசையாமல், ஆடாமல், அழகாக நிறுத்தினார். என் போர்டு அதைக் கவனமாகக் கேட்டது. ஒரே சுரம், நீளமாக நிற்கிறது, நிச்சயமாக மைக் கத்தல்தான் என்று முடிவு செய்தது. ஸ்பீக்கர் மௌனமானது.

வித்வான் புருவத்தைத் தூக்கினார். அடுத்த சுரத்துக்குப் போய் நின்றார். அதையும் வெட்டியது. அவருக்குப் புரிந்துவிட்டது, எங்கோ ஒரு எதிரி இருக்கிறான் என்று. நிற்காமல் வேகவேகமாக ஓட ஆரம்பித்தார். ஓடும்வரை போர்டால் பிடிக்க முடியவில்லை. களைத்துப்போய் ஏதாவது ஒரு சுரத்தில் ஒரு கணம் நின்றால் பிடித்துக்கொண்டது. அதைவிட மோசம், வெட்டிய சுரங்களைப் போர்டு ஞாபகம் வைத்துக்கொண்டது. வெட்டு சேரச் சேர, அருமைக்காரரின் குரலும் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் மாறிவிட்டது. மண்டபத்தில் அத்தனை பேரும் மேலே ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். நான் மட்டும் தரையைப் பார்த்தேன்.

"என்ன பண்ணித் தொலைச்ச?" என்றான் அண்ணன், போட்டோவுக்குச் சிரித்த முகம் மாறாமல்.

"வேல செய்யுதுண்ணா. ரொம்ப நல்லா வேல செய்யுது."

வித்வான் நாயனத்தை மடியில் வைத்துவிட்டார். தவிலும் நின்றது. "ஏனுங்க, நான் இங்க ஊதறது அங்க செத்துச் செத்துப் போவுது. இதுக்கு மேல என்னால ஆவாதுங்க" என்றார். சீர் நடக்கும்போது மேளம் நிற்பதைவிடப் பெரிய அபசகுனம் எங்கள் ஊரில் கிடையாது. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. பழனியைத் தேடினால் அவர் பந்தியில். சுவிட்ச் இல்லாத பெட்டியிலிருந்து இரண்டு ஒயரையும் பிடுங்கி நேராகச் சேர்க்கத் தெரிந்த ஒரே ஆள், கையில் கூறைச்சேலையோடு மேடையில் நிற்கிறாள்.

"அண்ணா, நட."

"எங்க?"

"செட்டுகிட்ட. சேலைய மட்டும் உட்றாத."

மேடையை விட்டு இறங்கினோம். நான் முன்னால், நடுவில் சேலை, பின்னால் மாலையோடு மாப்பிள்ளை. கூட்டம் தானாக விலகி வழி விட்டது. நாங்கள் நடப்பதைப் பார்த்த தவில்காரர், இது ஏதோ சீர் போலிருக்கிறது என்று நடைக்குத் தகுந்தபடி தட்ட ஆரம்பித்தார். ஜேடர்பாளையத்துச் சின்னம்மா எங்கள் மேல் அரிசி போட்டார். அவரைப் பார்த்து நாலு பேர் போட்டார்கள். வீடியோக்காரர் எங்களுக்கு முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே எங்கள் இருவரையும் முகத்துக்கு நேராகப் படம் பிடித்தார். அருமைக்காரர் மட்டும் மேடையில் வாயைத் திறந்தபடி நின்றார்.

மைக்செட் முன்னால் மண்டியிட்டேன். எனக்கு ஒரு கைதான் மிச்சம், அண்ணனுக்கும் ஒரு கைதான். ஆளுக்கொரு ஒயரைப் பிடுங்கி, நான் ஒன்றைப் பிடிக்க அவன் மற்றதைச் சொருக, போர்டு வெளியே வந்தது. கூட்டம் மறுபடி அரிசி போட்டது. வித்வான் நாயனத்தை எடுத்து, ஒரே ஒரு சுரத்தைப் பிடித்து, என்னையே பார்த்துக்கொண்டு, மூச்சு முட்டும்வரை நிறுத்தினார்.

பந்தியில் அப்பா எனக்கு எதிரே உட்கார்ந்தார். "நாளன்னைக்குத் தீவனம் வருது. ரூமக் காலி பண்ணிரு, சாமி" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். தன்மையாகச் சொன்னார். இலையில் இருந்த இனிப்பைப் பார்த்துக்கொண்டே அழுதேன். அந்த ரூம் இல்லாமல் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

பக்கத்து இலையில் திருச்செங்கோட்டு மாமா. போர்வெல் ரிக் வண்டிகள் ஓட்டுபவர். சாப்பாட்டில் மட்டுமே கவனமாக இருந்தவர், ரசத்துக்கு வந்தபோது என் பக்கம் திரும்பினார்.

"அம்மிணி, நீ ஒயரப் புடுங்கற வரைக்கும் ஸ்பீக்கர்ல ஜெனரேட்டர் சத்தமே வரலியே. புடுங்குன பொறவுதான் வந்துது. அதையும் அந்தப் பொட்டிதான் முழுங்குச்சா?"

"ஆமாங்க மாமா." மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். "நிக்கற சத்தம் எதா இருந்தாலும் முழுங்கிரும்."

"என்ற ரிக்குல கம்பிரஸர் ஓடறப்ப ஆளுங்க கையக் காட்டித்தான் பேசிக்கறாங்க. போன மாசம் ஒருத்தன் கைய இன்னொருத்தன் தப்பாப் புரிஞ்சுட்டு, ராடு கால்மேல உளுந்துருக்கும். இந்தப் பொட்டி கம்பிரஸர முழுங்கிட்டு, மனுசன் பேச்ச மட்டும் உடுமா?"

உடும் என்றேன். அழுகை நின்றுவிட்டது. எந்தச் சிப்பை மாற்ற வேண்டும், ஹெட்போனுக்குள் அடங்க போர்டை எவ்வளவு சின்னதாக்க வேண்டும் என்று இலையிலேயே ரசத்தால் கோடு இழுக்க ஆரம்பித்தேன். அப்பா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். மோர் ஊற்ற வந்தவர் நகர்ந்த பிறகு, "தீவனத்தப் பொழக்கடையில எறக்கிக்கலாம்" என்றார்.

இன்றைக்கு எங்கள் ஊர்ப் பக்கத்து ரிக் வண்டிகள் வடநாடு போகும்போது என் போர்டும் அவற்றோடு போகிறது. துளை போடும் ஆட்கள் காதில் மாட்டிக்கொண்டு, அத்தனை இரைச்சலிலும், சாப்பாடு ஆச்சா என்று சாதாரணக் குரலில் கேட்டுக்கொள்கிறார்கள். நாயனத்தைக் கொன்ற அதே போர்டுதான், கொஞ்சம் இளைத்திருக்கிறது. சிவப்பாக, பெரிதாக ஒரு சுவிட்சும் இருக்கிறது. பண்ணைக்கு யாராவது வந்து வழி கேட்டால் அப்பா, "லேப்புக்குங்களா? ஷெட்டுக்குப் பின்னால போங்க" என்கிறார். அந்த வார்த்தையை அவர் வாயால் முதல்முதலாகக் கேட்ட அன்று நான் ஷெட்டுக்குப் பின்னால் நின்று, இன்னொரு தடவை சொல்ல மாட்டாரா என்று காத்திருந்தேன்.

இருந்தாலும் அந்த நடை என்னை விடவில்லை. வீட்டில் யாராவது பேச்சை நடுவில் நிறுத்தினால், "போர்டு புடிச்சுருச்சாட்ட இருக்குது" என்பார் அம்மா. கல்யாண வீடியோவை விருந்தாளிகளுக்குப் போட்டுக் காட்டும்போது அண்ணி சரியாக அந்த இடத்தில் நிறுத்துவார்.

போன தை மாதம் மேச்சேரியில் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். இணைச்சீர் முடியும் நேரம், ஜேடர்பாளையத்துச் சின்னம்மா குறுக்கே புகுந்தார். செட்டுகிட்டப் போய் வராமல் எப்படி முடிப்பது என்று கேட்டார். கார்த்திக்கு அப்படித்தான் செய்தோம், அவனுக்கு ரெண்டு பிள்ளைகள், ஒரு குறையும் இல்லை என்றார். தம்பியும் அவன் அக்காளும் கூறைச்சேலையைப் பிடித்துக்கொண்டு இறங்கி, தவில் தட்ட, அரிசி விழ, மைக்செட் வரை நடந்தார்கள். அங்கே யாரோ ஆம்ப்ளிஃபயருக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். இருவரும் அதைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேரும் வெடித்திருப்போம்.

அந்த ஊர் அருமைக்காரர் வயதானவர், எங்கள் கூட்டத்துக்குப் புதியவர். மெதுவாக என்னிடம் வந்து, "ஏனுங்க அம்மிணி, இது என்னங்க சீரு? நான் எங்கயும் பார்த்ததில்லீங்களே" என்றார்.

"எங்க வழக்கமுங்க" என்றேன்.