தராசுக்காரர் மெலிந்த கதை

மூன்றாம் மாடிக்கு ஐம்பத்து நான்கு படிகள். முப்பத்தோராவது படியில் தராசுக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தார் என்பது மரியாதைக்காக. நடந்தது என்னவென்றால், வலது முட்டி 'கடக்' என்றது, சுவர் கைகொடுக்கவில்லை, தொண்ணூற்றாறு கிலோவும் தானாக இறங்கிவிட்டது. மாடிப்படி விளக்கு எரிந்து பல மாதமாகிறது. அந்த அரையிருட்டில், அறுபத்தேழு வயதில், மடியில் மருந்துப் பையை வைத்துக்கொண்டு, மேலேயும் போக முடியாமல் கீழேயும் போக முடியாமல் அவர் இருந்தார்.

மேலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"வந்துட்டே இருக்கேன்."

"வர்ற சத்தமே கேக்கலியே?"

"மெதுவா வர்றேன்."

"உக்காந்துட்டீங்களா?"

செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. அவர் இருந்த படியில் இன்னொருவருக்கு இடமில்லாததால் அவள் ஒரு படி மேலே உட்கார்ந்தாள்.

அன்று காலையில்தான் எலும்பு டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டியிருந்தார். "எலும்புக்கு நடுவுல இருக்கிற மெத்தை தேஞ்சு போச்சு ஐயா. போனது திரும்ப வளராது. நடக்கறப்ப உங்க ஒடம்புல ஒரு கிலோ, முட்டிக்கு நாலு கிலோ மாதிரி. மூணு மாசம் தர்றேன். ஆறு கிலோ எறக்குங்க, தெனம் கொஞ்சம் நடங்க. வலி குறையுதான்னு பாப்போம். இல்லைன்னா ஆபரேஷன்தான்."

ஆபரேஷன் என்றால் தராசுக்காரருக்கு அண்ணன் ஞாபகம்தான் வரும். இரண்டு வருஷத்துக்கு முன் அண்ணன் இதே முட்டிக்காக, தன் காலால் நடந்துபோய்ப் படுத்தார். உள்ளே சீழ் வைத்தது. இன்றுவரை எழவில்லை. அவரைப் புரட்டிப் போட்டே அண்ணிக்கு இடுப்பு போய்விட்டது. எல்லாருக்கும் அப்படி ஆகாது என்று டாக்டரம்மா சொன்னார். எல்லாருடைய அண்ணனுமா படுத்திருக்கிறார்? இவருடைய அண்ணன் அல்லவா படுத்திருக்கிறார்!

"ஆறு கிலோ கொறைச்சிடுங்க" என்றாள் மனைவி. "அண்ணி படற பாட்ட என்னால பட முடியாது. உங்கள என்னால புரட்டவும் முடியாது."

"கொறைக்கறேன். சத்தியமா."

"சத்தியம் பண்ணிப் பண்ணித்தான் தொண்ணூத்தாறுக்கு வந்தீங்க. வாராவாரம் ஞாயித்துக்கிழமை வீட்டு எடை மிஷின்ல ஏறுங்க. நான் காலண்டர்ல எழுதறேன்."

மிஷின் என்றதும் அவருக்குப் பாதி வலி பறந்தது.

ஏனென்றால் நாற்பது வருஷம் அவர் பார்த்த வேலையே அதுதான். கடைத் தராசு, லாரியோடு சேர்த்து நிறுக்கும் மேடை, குழந்தையைப் படுக்கவைக்கும் தட்டுத் தராசு, எதுவானாலும் பிரித்து மாட்டுவார். பேர் மறந்துபோய்த் தொழிலே பேராகிவிட்டது. ஊருக்கெல்லாம் நியாயமாக நிறுத்துக் கொடுத்தவர் முதல் தடவையாகத் தனக்காக ஒரு அநியாயம் செய்ய முடிவெடுத்தார். கேவலமான முடிவுதான். ஆனால் பசி அதைவிடக் கேவலம்.

சனிக்கிழமை மனைவி காய்கறி வாங்கப் போனதும் மிஷினைக் கவிழ்த்து அடித்தட்டைத் திறந்தார். உள்ளே சுருள்கம்பி, அதன் பக்கத்தில் ஒரு திருகாணி. கால் சுற்று திருப்பினால் அவர் எடைக்கு முள் அரைக் கிலோ குறைத்துக் காட்டும். யாரும் ஏறாதபோது பூஜ்யத்தில் ஒழுங்காக நிற்கும். முள் பூஜ்யத்தில் நின்றால் உலகம் நம்பிவிடும் என்பது தொழில் ரகசியம்.

திருப்பிய பிறகு எடைக்கல் வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்பதும் தொழில் விதிதான். அதைச் செய்யாத உதவியாளர்களை அவர் கடையை விட்டே துரத்தியிருக்கிறார். இப்போது கல்லெல்லாம் கட்டிலுக்கடியில் பெட்டியில் கிடந்தன. குனிந்தால் முட்டி விடாது. 'நாப்பது வருஷக் கைக்குக் கல் எதுக்கு?' என்று விட்டுவிட்டார்.

ஞாயிறு. குளித்துவிட்டு வந்து ஏறினார். ஸ்டூலில் உட்கார்ந்து குளிப்பதால் அவர் குளியல் முக்கால் மணி நேரம்.

"தொண்ணூத்தஞ்சரை" என்றாள் மனைவி.

"பாத்தியா? மனசு வச்சா ஒடம்பு கேக்கும்."

"ஆமாமா" என்று காலண்டரில் எழுதினாள்.

அடுத்த சனி, இன்னொரு கால் சுற்று. ஞாயிறு, தொண்ணூற்றைந்து. அதற்கடுத்த வாரம் முள் இறங்கவே இல்லை. நான்காம் வாரம் முக்கால் கிலோ இறங்கியது. 'பழைய கம்பி, நாம சொல்றபடியா கேக்கும்?' என்று கம்பியைத் திட்டினார். தன் கையை அவர் சந்தேகப்படவில்லை. அந்தக் கையைத் தவிர இந்த வயதில் அவரிடம் சொல்லிக்கொள்ள வேறென்ன இருந்தது?

வீட்டிலோ சாப்பாடு வாராவாரம் சின்னதாகிக்கொண்டே போனது. தட்டு பெரிசாகத்தான் இருந்தது. நடுவில் சாப்பாடு தீவு மாதிரி தெரிந்தது.

"என்ன இது?"

"சாப்பாடு."

"யாருக்கு?"

"உங்களுக்கு."

"எனக்குன்னா மீதி எங்க?"

"மீதிதான் இத்தன வருஷமா உங்க முட்டி மேல ஏறி உக்காந்திருக்கே."

அவர் கோபத்தோடு எதிர்த்த பேக்கரிக்குப் போனார். பேக்கரிக்காரர் தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்காதீங்க அண்ணே. உங்களுக்குக் குடுத்தா உங்க வீட்டம்மா என்னைய அடுப்புல வச்சிருவேன்னு சொல்லிட்டாங்க."

பாலம் தாண்டி இன்னொரு பேக்கரி இருந்தது. சமதரை, ஆனால் போக இருபது நிமிஷம், வர இருபது நிமிஷம். தினமும் சாயங்காலம் கைத்தடியை எடுத்துக்கொண்டு, "நண்பரைப் பாக்கப் போறேன்" என்று பொய் சொல்லிவிட்டு, மழையிலும் போனார். ஒரு பன். நின்றுகொண்டே தின்பார், வாயைத் துடைப்பார், திரும்பி வருவார். ஒரு பன்னுக்காக நாற்பது நிமிஷம் நொண்டுகிற மனுஷன். பார்க்கச் சகிக்காது.

வரும் வழியில் அண்ணன் வீடு. ஜன்னல் வழியாக அண்ணனின் கால் மட்டும் தெரியும். கட்டிலில் போர்வைக்கு வெளியே, அசையாமல். முதலில் இரண்டு நாள் நின்று பார்த்தார். பிறகு தெருவின் அந்தப் பக்கமாகவே நடந்தார்.

இரண்டு மாதம் கடந்தது. ஒரு நாள் ஐம்பத்து நான்கு படியையும் ஒரே மூச்சில், உட்காராமல் ஏறிவிட்டார். வாசலில் நின்று திகைத்தார். 'குளிர் விட்டிருச்சு, அதான்' என்று முடிவுகட்டினார். இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. 'துவைச்சுத் துவைச்சுத் துணி தொளதொளத்துப் போச்சு.' தான் ஒரு கிராம்கூடக் குறையவில்லை என்பதில் அவருக்கு அவ்வளவு உறுதி.

காலண்டரில் தொண்ணூறு விழுந்த வாரமே ஆஸ்பத்திரி நாளும் வந்தது. காலண்டரை டாக்டர் நம்பலாம். ஆஸ்பத்திரி மிஷின் நம்பாது. அதன் வயிற்றைத் திறக்க அவரை யார் விடுவார்கள்?

"ஏறுங்க ஐயா" என்றார் நர்ஸ்.

தூக்குமேடை ஏறுகிற மாதிரி ஏறினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"தொண்ணூறு."

கண்ணைத் திறந்தார். தொண்ணூறுதான். வேறொருவராக இருந்தால் வாயை மூடிக்கொண்டு இறங்கியிருப்பார். இவர் தராசுக்காரர். தப்பாகக் காட்டும் மிஷினைப் பார்த்தால் அவருக்குள் இருக்கும் மெக்கானிக் எழுந்துவிடுவான்.

"இது தப்பு" என்றார்.

"என்ன தப்பு?" என்றார் டாக்டரம்மா.

"மிஷின் ரிப்பேர். ஆறு கிலோ கொறைச்சு அடிக்குது. ஊர் உசிரு இதுல ஏறி எறங்குது, எவன் மாட்டினான் இத? எடைக்கல் கொண்டாங்க!"

"போன வாரம்தான் சரிபாத்தாங்க ஐயா. உங்க வீட்டம்மா கொண்டாந்த காலண்டரும் அதைத்தான் சொல்லுது."

"காலண்டர் பொய்! வீட்டு மிஷின நான்தான் திருகினேன். பன்னெண்டு சனிக்கிழமை, பன்னெண்டு கால் சுற்று. நான் தொண்ணூத்தாறு!"

வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. மெல்ல மனைவியைப் பார்த்தார். அவள் பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"மொத ஞாயித்துக்கிழமை நீங்க குளிக்கப் போனப்ப நான் ஏறிப் பாத்தேன். என் எடையும் கொறஞ்சிருந்துச்சு. முப்பது வருஷமா நான் எறக்க முடியாத எடை ஒரே ராத்திரில எப்படி எறங்கும்? கட்டிலுக்கடியிலேருந்து கல்ல எடுத்து வச்சேன். தப்பு. திருப்பி வச்சேன்."

"நீயா? திருகாணியவா?"

"கடையில முப்பது வருஷம் உங்களுக்குக் கல் எடுத்துக் குடுத்தது யாரு? வாராவாரம் நீங்க திருகுவீங்க, நீங்க குளிக்கறப்ப நான் திருப்பி வைப்பேன். காலண்டர்ல எழுதினதெல்லாம் நெஜ எடை."

"அப்ப பன்?"

"எதிர்த்த கடைக்காரர்கிட்ட குடுக்காதீங்கன்னு நான்தான் சொன்னேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறவர்கிட்ட சொல்லல. வேணும்னேதான் சொல்லல. நடங்கன்னா நீங்க நடப்பீங்களா?"

தராசுக்காரர் முகம் சுண்டிப்போயிற்று. தொழிலில் அவரை யாரும் ஜெயித்ததில்லை. இவள் ஜெயித்தாள் என்றால் அந்தக் கை போச்சு. நாற்பது வருஷம் போச்சு.

"நம்ப மாட்டேன். நான் வச்ச திருகாணிய யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. மிஷின்தான் தப்பு."

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருந்தார்கள்.

"ஐயா, எனக்கு நேரமில்ல. நீங்க சொல்றதையே எழுதறேன். மிஷின் தப்புன்னா நீங்க தொண்ணூத்தாறு. வியாழக்கிழமை ஒரு பெட் காலியா இருக்கு, ஆபரேஷனுக்குப் போட்டுடறேன். மிஷின் சரின்னா தொண்ணூறு. ஆபரேஷன் வேண்டாம், ஆறு மாசம் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் சாப்பாடு அம்மா குடுக்கறதுதான். எதை எழுதட்டும்?"

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பையின் வாரை அவள் விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டது அவருக்கு மட்டும் தெரிந்தது.

தராசுக்காரர் மிஷினைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"நல்ல மிஷின், டாக்டர்" என்றார். "ரொம்ப நல்ல மிஷின்."